நாற்காலி ஆல்பத்தின் நாலாவது பாட்டு

குவீன்ஸ்டவுன்
9 மார்ச் 2025

கத்துறதுல அப்படி என்னதான் இருக்குன்னா, கத்துறது அதுல பாதிதான் அக்கா. மீதிப் பாதி, கத்துறதுக்கு முன்னாடி இழுக்கிற மூச்சு. போன விசிட்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு நீ சிரிச்சுக்கிட்டே கேட்ட, இன்னும் அந்த நாற்காலி ஆல்பம்தானா, அதுல அப்படி என்னடான்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு. அதான் எழுதறேன். முதல்ல கேக்க வேண்டியத மறந்துட்டேன் பாரு: உன் இருமல் விட்டுச்சா? சாப்பாடு இறங்குதா? இங்க நானும் அத்தையும் நல்லாத்தான் இருக்கோம்.

போதை மறுவாழ்வு மையத்துல பாட்டு கேக்க விட மாட்டாங்கன்னு தெரியும். அதனால ஒரு ஐடியா. ஆல்பத்துல பத்து பாட்டு. ஒவ்வொண்ணா எழுதி அனுப்பறேன். நீ படிச்சே கேட்டுக்க.

முதல் பாட்டு. டிரம் இல்ல, கிட்டார் இல்ல. ஒருத்தன் மூச்சு இழுக்கறான், அவ்வளவுதான். தண்ணிக்குள்ள குதிக்கப் போறவன் மாதிரி. அப்பறம் எல்லாம் ஒண்ணா வந்து விழுது. ஞாபகம் இருக்கா? அம்மா செத்தப்ப நம்ம பிளாக்குக்குக் கீழ வாய்ட் டெக்குல எல்லாரும் அழுதாங்க, எனக்கு மட்டும் வரல. பதினாலு வயசு. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலில மரம் மாதிரி உக்காந்திருந்தேன். நீ வந்து உன் இயர்போன்ல ஒண்ண என் காதுல செருகின. "இதக் கேளு. அழுகை வந்தா பாட்டு மேல பழியப் போடு"ன்ன. வந்துச்சு. பழியும் போட்டேன். ஆல்பம் அட்டையிலயும் தண்ணிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதனால நமக்கு அது நாற்காலி ஆல்பம் ஆயிருச்சு. அந்தப் பாடகனும் தன்னோட அம்மா செத்த வருஷம்தான் இத எழுதினான்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பாலிடெக்னிக்க விட்டேன். ஆர்மிய முடிச்சேன். அதுக்கப்பறம் கிடைச்ச வேலையெல்லாம் விட்டேன். விடாதது இந்த ஆல்பம் ஒண்ணுதான். இப்ப ஜாலான் புசார்ல முகைதீன் பாயோட ஹார்டுவேர் கடைல இருக்கேன். இதையும் விட்டுருவேன்னு அத்தை சொல்றாங்க.

அத்தை விஷயம். உங்க மையத்து ஆபீசர் போன் பண்ணாங்க. கடைசி சில மாசம் கால்ல கண்காணிக்கற டேக் கட்டிக்கிட்டு நீ வீட்லயே இருக்கலாமாம், வீட்டுக்காரங்க சம்மதிக்கணுமாம். ஃப்ளாட் அத்தை பேர்ல. அத்தை முடியாதுன்னுட்டாங்க. கோபமா இல்ல, அரிசி கழுவிக்கிட்டே சொன்னாங்க. "இன்னொரு தடவ அந்தக் கதவ என்னால உடைக்க முடியாதுடா."

அந்த பாத்ரூம் கதவு இன்னும் அப்படியேதான் இருக்கு. தாழ்ப்பாள் இல்ல, கீழ ஒரு பலகை வச்சு ஆணி அடிச்சிருக்கு. கடைலேர்ந்து புதுசு கொண்டாரேன்னா வேணாங்கறாங்க. உள்ள ஆள் இருக்குன்னு தெரிய நாங்க ரெண்டு பேரும் சத்தம் போட்டுக்கிட்டே குளிக்கிறோம். அத்தை முருகன் பாட்டு. நான் முதல் பாட்டு. கீழ் வீட்டு சீன அங்கிள் ஒரு நாள் மேல வந்து, ஆம்புலன்ஸ் கூப்பிடவான்னு கேட்டாரு.

நீ கவலப்படாத. அத்தைய நான் பேசி வழிக்குக் கொண்டாரேன் லா. உடம்ப பாத்துக்க.

தம்பி நிதீஷ்


30 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இருமல் விட்டுவிட்டது. சாப்பாடு இறங்குகிறது. நீயும் அத்தையும் நலமாக இருப்பதைப் படித்ததும் அன்றைய பொழுது நன்றாகப் போனது.

எனக்கு இப்போது சமையலறையில் வேலை. வெங்காயம் உரிக்கிறேன். இங்கே அழுதால் யாரும் காரணம் கேட்பதில்லை, அது ஒரு வசதி.

பாட்டைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் பத்தையும் எழுத வேண்டும் என்றில்லை. உன் கடையைப் பற்றி எழுது. முகைதீன் பாய் எப்படிப்பட்டவர், மதியம் என்ன சாப்பிடுகிறாய், ஜாலான் புசாரில் நாம் புரோட்டா தின்ற கடை இன்னும் இருக்கிறதா, இதையெல்லாம் எழுது.

அத்தையை வற்புறுத்தாதே. கதவை உடைத்தவர் அவர். நான் மறுபக்கம் கிடந்தவள். எனக்கு ஒன்றும் நினைவில்லை, அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். அவர் முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா சிவானி


20 ஏப்ரல் 2025

அக்கா,

நியூஸ் வாசிக்கிறவங்க மாதிரி நீ எழுதறதப் பாத்தா, ஸ்கூல்ல தமிழ் டீச்சர் என் பேப்பர கீழ வச்சுட்டு உன் பேர இழுத்ததுதான் ஞாபகம் வருது. எப்படி இருக்க? கண்ணு எரிச்சல் பழகிருச்சா? அத்தைக்கு முட்டி வலி படி ஏறினா மட்டும். எனக்கு ஒரு குறையும் இல்ல. புரோட்டா கடை இருக்கு, ஆனா குழம்பு தண்ணியாயிருச்சு.

பாட்டு எழுத வேணாம்னு நீ சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னன்னு எடுத்துக்கிட்டேன்.

ரெண்டாவது பாட்டுல ரெண்டு குரல். ஒருத்தன் கத்தறான், இன்னொருத்தன் சாதாரணமா பாடறான். ஒரே வீட்ல இருக்கற ரெண்டு பேர் மாதிரி. கத்தறவன் நடந்தத சொல்றான். பாடறவன் அதையே வெளி ஆளுங்ககிட்ட சொல்ற மாதிரி மாத்திச் சொல்றான். சின்ன வயசுல பாடறவன்தான் நல்லவன்னு நினைச்சேன். இப்ப கத்தறவனத்தான் நம்பறேன். இந்த மாதிரி கத்தற மெட்டல்கோர் பாட்டுன்னா வெறும் கோவம்னு சொல்றவன் இந்த ரெண்டாவது குரலக் கேட்டதே இல்ல.

மூணாவதுல அந்த இடம் வரும்ல, எல்லாமே டக்குன்னு நின்னுடும். நீ எப்பவும் விரலத் தூக்கிட்டு மூச்சப் பிடிச்சுக்குவ. அப்பறம் எல்லாரும் சேந்து ஒரே அடி, மெதுவா, கனமா. கடை ஸ்டோர் ரூம்ல பெயிண்ட் டின்னுங்களுக்கு நடுவுல நின்னு அத பிராக்டிஸ் பண்ணேன். தொண்டையால கத்தக் கூடாது, வயித்துலேர்ந்து தள்ளணும். முகைதீன் பாய் ஓடி வந்து முதுகுல ரெண்டு போட்டாரு. மீன் முள்ளு சிக்கிருச்சுன்னு நினைச்சாராம். விஷயத்தச் சொன்னதும் தலையில கை வச்சுக்கிட்டாரு. "லீவு வேணும்னா வாயால கேளு தம்பி. இப்படியெல்லாம் வேணாம்."

இப்ப பெரிய நியூஸ். செப்டம்பர்ல அந்த பேண்ட் இங்க வருது. இந்த ஆல்பத்த முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வாசிக்கப் போறாங்களாம். ரெண்டு டிக்கெட் வாங்கிட்டேன். அதுக்குள்ள நீ வந்துடுவல்ல?

நல்லா தூங்கு. பதில் போடு.

நிதீஷ்


25 மே 2025

அக்கா,

நான் எழுதி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, உங்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. உடம்பு சரியில்லையா? விசிட்லயும் பாதி நேரம் தரையத்தான் பாத்த. அத்தை கேட்டாங்க, நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன். நல்லா இருக்கல்ல?

நாலாவது பாட்டு எழுதறேன். இதப் படிச்சா கண்டிப்பா பதில் போடுவ, உனக்கு ரொம்பப் பிடிச்சது.

முதல்ல கிட்டார் மட்டும். மழ விட்டப்பறம் கொரிடோர்ல காயப்போட்ட துணி சொட்டுமே, அப்படி. ரொம்ப நேரத்துக்கு அவன் கத்தவே மாட்டான். பேசற மாதிரி பாடுவான். விளக்க அணைக்கல, கதவப் பூட்டல, வீட்டுக்கு வான்னு. கடைசில அந்த ‘வா’வக் கத்தறப்ப குரல் உடைஞ்சு ரெண்டாப் போயிரும். இன்னொரு தடவ பாட வச்சு எடுத்திருக்கலாம். எடுக்கல. உடைஞ்சத அப்படியே விட்டுட்டாங்க. உடைஞ்ச குரலோடயே அவன் மீதி நாலு வரியையும் பாடி முடிப்பான்.

ஏன் இந்த ஆல்பம்னு கேட்டல்ல, இதுக்குத்தான். பாலிடெக்னிக்க விட்ட வாரம் அத்தைகிட்ட சொல்லல. காலைல பையத் தூக்கிக்கிட்டு கிளம்புவேன். துவாஸ் பக்கம் போற பஸ்ல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன். கடல் பக்கமா கொஞ்ச நேரம் நிப்பேன். காதுல இந்தப் பாட்டு. குரல் உடைஞ்சவனே பாட்ட முடிக்கிறான், நாமளும் வீட்டுக்குப் போலாம்னு தோணும். போயிருவேன்.

அவ்வளவுதான். நல்லா சாப்பிடு. ஒரு வரியாவது எழுது.

நிதீஷ்


15 ஜூன் 2025

தம்பி நிதீஷுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கவலை வேண்டாம்.

உன் மே மாதக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டேன். நான் மரியாதைக்குச் சொல்லவில்லை. இனிமேல் அந்த ஆல்பத்தைப் பற்றி எனக்கு எழுதாதே. டிக்கெட்டை நண்பர்களுக்குக் கொடுத்துவிடு. செப்டம்பருக்குள் நான் வர மாட்டேன், நவம்பர் என்கிறார்கள்.

காரணம் கேட்காதே. அத்தையிடமும் கேட்காதே.

அத்தை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


29 ஜூன் 2025

அக்கா,

நல்லா இருக்கியா? நான் அத்தைகிட்ட கேட்டுட்டேன். கேக்காதன்னு எழுதினா கேக்காம இருப்பேனா?

அத்தை டிவிய அணைச்சுட்டு என் பக்கம் திரும்பி உக்காந்தாங்க. அப்பறம் சொன்னாங்க. அன்னிக்கு நான் ஆர்மி கேம்ப்ல இருந்தேன், எனக்கு இதெல்லாம் தெரியாது. கதவ உடைச்சுட்டு உள்ள போனப்ப நீ தரையில கிடந்த. மூச்சு இருக்கான்னு குனிஞ்சு பாத்திருக்காங்க. உன் காதுலேர்ந்து விழுந்த இயர்போன் ஈரத் தரையில கிடந்து கத்திக்கிட்டே இருந்துச்சாம். எப்படி நிறுத்தறதுன்னு அவங்களுக்குத் தெரியல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் எவனோ ஒருத்தன் உடைஞ்சு போன குரல்ல திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தானாம். ஒரே பாட்டையே நீ ஓடவிட்டிருக்க. எந்தப் பாட்டுன்னு நான் அத்தைகிட்ட கேக்கல.

வீட்ல நான் அந்த ஆல்பத்தப் போடறப்பல்லாம் அத்தை ஏன் எழுந்து கொரிடோருக்குப் போறாங்கன்னு இப்பத்தான் புரியுது.

ஒரே பாட்டு அக்கா. என்ன வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துச்சு, உன்ன அங்கயே விட்டுட்டுச்சு. இது எனக்கு விளங்கவே இல்ல. இனி அந்தப் பாட்டுங்களப் பத்தி எழுத மாட்டேன். பாத்ரூம்லயும் பாடறதில்ல, பக்கெட்டத் தட்டறேன்.

ஆனா ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. அன்னிக்கு வாய்ட் டெக்குல ஒரு காத எனக்குக் குடுத்தல்ல, அதுக்கு தேங்க்ஸ். அத மட்டும் திருப்பி வாங்கிக்காத.

உடம்பப் பாத்துக்க.

நிதீஷ்


10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். இது வெறும் வழக்கத்துக்காக எழுதும் நலம் இல்லை. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

நேற்று தேசிய தினம். எங்கோ வெடித்த வாணவெடிச் சத்தம் இங்கே வரை வந்தது. படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். படபடவென்று சத்தம், பிறகு ஓர் இடைவெளி, பிறகு கனமாக ஒரே அடி. என்னையறியாமல் விரலைத் தூக்கிவிட்டேன். பக்கத்துப் படுக்கை நஃபீசா, "யாருக்குடி ஆர்டர் போடற?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். ரொம்ப நாளாயிற்று.

இன்று காலை உன் மே மாதக் கடிதத்தின் மறுபாதியைப் படித்தேன்.

ஒன்று சொல்கிறேன், கேள். அந்தப் பாட்டை எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் கடைசி இரண்டு வருடங்களில் ஒரு தடவைகூடத் தெளிந்த தலையோடு கேட்டதில்லை. அவன் குரல் உடைவது எனக்குத் தெரியும். உடைந்த பிறகும் நாலு வரி பாடி முடிக்கிறான் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. அதற்குள் நான் எங்கேயோ போயிருப்பேன். உன் கடிதத்தில்தான் அந்தப் பாட்டு எனக்கு முடிந்தது. அதற்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை.

நீ துவாஸ் வரை போய் நின்றதை என்னிடம் சொன்னதே இல்லை. ஏன் போனாய் என்று நான் கேட்கப் போவதில்லை. திரும்பி வந்தாயே, நன்றி.

மீதிப் பாட்டுகளை எழுது. அவசரமில்லை. அத்தையிடம் என்னைப் பற்றிப் பேசாதே. வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இடம் இருக்கிறதாம், அங்கே போகத் தயார் என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சிவானி


21 செப்டம்பர் 2025

அக்கா,

எப்படி இருக்கன்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன், இல்லன்னா வெடிச்சுருவேன். அஞ்சாவதும் ஆறாவதும் போன தடவ எழுதினேன்ல, ஏழாவது அப்பறம். நேத்து கான்சர்ட்டு. உன் டிக்கெட்ல யாரு வந்தாங்க தெரியுமா? அத்தை.

என் ஃப்ரெண்ட் அர்ஃபான் வர்றதா இருந்தான், ஏர்போர்ட்டுல ஷிஃப்ட் மாத்திட்டாங்க. யாருக்குக் குடுக்கறதுன்னு போன்ல பேசிக்கிட்டிருந்தேன். கிச்சன்லேர்ந்து அத்தை, நான் வரேன்னாங்க. ஜோக்குன்னு நினைச்சேன். "அது என்ன பாட்டுன்னு எனக்குப் பாக்கணும். அன்னிக்கு நிறுத்தத் தெரியாம நின்னேன்ல."

காட்டன் புடவை, ஏர்கான் குளிருக்கு ஸ்வெட்டர், ரெண்டு காதுலயும் பஞ்சு. வாசல்ல தண்ணி பாட்டில பிடுங்கிட்டாங்க, அதுக்கே ஒரு சண்டை. உள்ள இருந்தவங்க அத்தன பேரும் கறுப்புச் சட்டை. யாரு வீட்டு சாவுடான்னு கேட்டாங்க. எல்லாரும் நிக்கற ஹால் அது. அத்தை முட்டியத் தேய்க்கிறதப் பாத்துட்டு அங்க வேலை செய்யற பொண்ணு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டாந்து ஓரமா போட்டுச்சு. ஆல்பம் அட்டையில இத்தன வருஷமா காலியா இருந்த நாற்காலில அத்தை போயி உக்காந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு மலாய் பசங்க வந்து கூட நின்னு படம் எடுத்துக்கிட்டாங்க. அத்தை போஸ் குடுத்தாங்க.

அந்த மூச்சு, அக்கா. ஹாலே சேந்து இழுத்துச்சு. அதுக்கு மேல எழுத வரல.

நடுவுல கூட்டம் வட்டமா ஒதுங்கி, உள்ள ஓடி ஓடி மோதிக்குவாங்கல்ல. அத்தை போலீஸ் எங்கடான்னு தேடினாங்க. நாலாவது பாட்டு கிட்டார் ஆரம்பிச்சதும் பஞ்ச எடுத்துட்டாங்க.

"இதானே?"

"ஆமா அத்தை. வெளிய போயிரலாமா?"

தலைய ஆட்டினாங்க, வேணாம்னு. என் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டாங்க. கடைசில அந்தக் குரல் உடையற இடத்துல கூட்டமே கிளம்பிருச்சு. ஒரு தடியன், ஷூ லேஸ் அவுந்து கிடந்துச்சு, சறுக்கி அப்படியே மல்லாக்க விழுந்தான். அத்தை எழுந்து நின்னுட்டாங்க. மிதிச்சே கொன்னுருவாங்கன்னு நினைச்சிருக்காங்க. ஆனா சுத்தி இருந்தவங்க கைய விரிச்சு கூட்டத்தத் தடுத்தாங்க. ரெண்டு பேரு அக்குள்ல கை குடுத்துத் தூக்கினாங்க. ஒருத்தன் தரையில தடவி அவன் கண்ணாடியக் கண்டுபிடிச்சு, சட்டையில தொடச்சு அவன் மூக்குல மாட்டி விட்டான். இன்னொருத்தன் குனிஞ்சு லேஸக் கட்டினான். அவன் சிரிச்சுட்டு திரும்ப உள்ளயே போனான்.

எம்.ஆர்.டி. ரயில்ல வரப்ப அத்தை கேட்டாங்க.

"விழுந்தவன் அவங்க கூட்டாளியா?"

"யாருன்னே தெரியாது அத்தை."

"லேஸ் கட்டாம ஆடினான். விழுந்தது அவன் தப்பு."

"ஆமா."

"அப்பறம் ஏன் தூக்கினாங்க?"

"அங்க அதான் ரூல். யாரு விழுந்தாலும் முதல்ல தூக்கணும். மத்ததெல்லாம் அப்பறம்."

"திரும்ப விழுந்தா?"

"திரும்ப தூக்கணும்."

குவீன்ஸ்டவுன்ல இறங்கறப்ப, பாட்டில திருப்பித் தரவே இல்ல பாத்தியான்னாங்க.

எனக்குக் குரல் போயிருச்சு, மத்தபடி சுகம். நீ எப்படி?

நிதீஷ்


5 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகமே. உன் கடிதத்தை நஃபீசாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘யாரு வீட்டு சாவுடா’வில் அவளுக்குப் புரையேறிவிட்டது. அந்தப் படம் யாரிடமாவது கிடைத்தால் பத்திரமாக வைத்திரு.

இல்லத்தில் இடம் பற்றி இந்த மாதம் முடிவு சொல்வார்களாம். எனக்கு வருத்தமில்லை. அத்தை அங்கே வந்து உட்கார்ந்ததே பெரிது.

ஒன்றே ஒன்று மட்டும் எழுது. அந்தப் பாட்டை அத்தை முழுவதும் கேட்டாரா?

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம். நலமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்.

சிவானி


19 அக்டோபர் 2025

அக்கா,

முழுசா கேட்டாங்க. கடைசி நாலு வரி வரைக்கும். பாட்டு நின்னதும்தான் கைய விட்டாங்க.

உடம்பு எப்படி இருக்குன்னு எழுது, ஆனா முதல்ல உக்காந்துக்க. நாளைக்குத் தீபாவளி, லிட்டில் இந்தியாவுல கால் வைக்க இடமில்ல. அத்தை சாமான் வாங்கப் போயிருந்தாங்க. திடீர்னு கடைக்குள்ள வராங்க, ரெண்டு கையிலயும் பை. இத்தன மாசத்துல இங்க வந்ததே இல்ல. என்னப் பாக்கவே இல்ல. யாரோ கஸ்டமர் மாதிரி நேரா பாய்கிட்ட போயி நின்னாங்க.

பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் வேணும்னாங்க. "உள்ள போட்டுக்கற மாதிரி இருக்கணும், வயசுப் பொண்ணு இருக்கற வீடு. ஆனா வெளியிலேர்ந்தும் திறக்க வரணும். உடைக்கற மாதிரி இருக்கக் கூடாது."

பாய் நாலஞ்சு எடுத்துப் போட்டாரு. ஒண்ணுல வெளிப்பக்கம் ஒரு சின்ன கீறல் இருக்கும், காச வச்சு திருப்பினா திறந்துக்கும். அத்தை பர்ஸுலேர்ந்து இருபது காச எடுத்தாங்க. பூட்டினாங்க, திறந்தாங்க. திரும்பப் பூட்டினாங்க, திறந்தாங்க. பின்னாடி தீபாவளி அவசரத்துல ஆளுங்க நிக்கறாங்க, பாய் அவசரப்படுத்தல. கடைசில மெதுவா கேட்டாரு, வீட்ல பொண்ணு யாரும்மா, தம்பி சொல்லவே இல்லயேன்னு.

"எங்க பொண்ணு. நவம்பர்ல வர்றா."

நான் ஸ்க்ரூ டப்பாவ கையில வச்சுக்கிட்டு நின்னேன். எனக்கே அப்பத்தான் தெரியும். ஆபீசருக்கு புதன்கிழமையே போன் பண்ணி சரின்னுட்டாங்களாம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஏன்னு கேட்டா, நீ மட்டும் பாலிடெக்னிக்க விட்டத எங்கிட்ட சொன்னியாங்கறாங்க.

பழைய கதவுல இந்தத் தாழ்ப்பாள் நிக்காதுன்னு பாய் சொன்னாரு. அப்ப கதவையும் மாத்துன்னு சொல்லிட்டு முறுக்குப் பைய எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க.

ஹேப்பி தீபாவளி அக்கா.

நிதீஷ்


2 நவம்பர் 2025

தம்பி,

நலம். பெரிதாக எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

எங்க பொண்ணு என்றா சொன்னார்? அதை இன்னொரு தடவை எழுது.

அக்கா


21 நவம்பர் 2025

எங்க பொண்ணுன்னாங்க. எங்க பொண்ணு. எங்க பொண்ணு. போதுமா?

உடம்பு எப்படின்னு கேக்கப் போறதில்ல, இன்னும் கொஞ்ச நேரத்துல நேர்லயே பாத்துக்கறேன். இத தபால்ல போட முடியாது, கையிலதான் குடுக்கணும். இருந்தாலும் எழுதறேன், பழகிருச்சு. அத்தை உன்னக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்க. பாய்க்கு போன் பண்ணி எனக்கு லீவு வாங்கிக் குடுத்ததும் அவங்கதான். நானும் வரலாம்னு சட்டைய மாத்தினா, நீ எங்க கிளம்பிட்ட, அவ வர்றதுக்குள்ள கதவு மாட்டியிருக்கணும்னுட்டாங்க. மாட்டிட்டேன். ஓரத்துல பூசின சிலிக்கோன் பசை காயற வரைக்கும் தொடக் கூடாது, அதான் பாத்ரூம் வாசல்ல உக்காந்து எழுதிக்கிட்டிருக்கேன். அந்த இருபது காசு நிலைக்கு மேல இருக்கு. அத்தை டேப் போட்டு ஒட்டி வச்சிருக்காங்க. அத யாரும் எடுத்து கோப்பி குடிக்கக் கூடாதாம், முக்கியமா நான்.

இனிமே யாரும் பாத்ரூம்ல பாட வேணாம். அத்தை மட்டும் பாடுவாங்களாம், விட முடியலயாம். கீழ் வீட்டு அங்கிளுக்கும் போயி சொல்லிட்டேன். கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி இருந்துச்சு.

ஒம்பதாவது வரைக்கும் போன மாசமே எழுதி அனுப்பிட்டேன், பத்தாவது பாட்டு ஒண்ணுதான் பாக்கி. அதுல எல்லாம் ஒவ்வொண்ணா அடங்கிரும். முதல்ல கத்தறவன், அப்பறம் டிரம், அப்பறம் கிட்டார். கடைசில ஒரு மூச்சு மட்டும். முதல் பாட்டுல இழுத்தான்ல, அத இப்பத்தான் விடறான். ஆல்பம் முழுக்க அந்த ஒரு மூச்ச உள்ளயே வச்சிருந்த மாதிரி. உனக்குக் கேக்கணும்னு தோணினா நான் பக்கத்துல இருக்கேன், ஒரு காது உனக்கு, ஒரு காது எனக்கு. தோணலன்னா கேக்க வேணாம். எழுதினதே போதும். எனக்கு இந்த ஆல்பத்தக் குடுத்தது நீ. அத இப்படி மெதுவா, ஒவ்வொரு பாட்டா உக்காந்து கேக்க வச்சதும் நீதான். இவ்வளவு வருஷம் கேட்டும் அந்த ரெண்டு மூச்சும் ஒண்ணுதான்னு எனக்கு எழுதறப்பத்தான்

லிஃப்ட் நிக்கற சத்தம். கொரிடோர்ல அத்தை குரல் கேக்குது, செருப்ப வெளிய விடாத, உள்ள கொண்டாங்கறாங்க. சிலிக்கோன் இன்னும் காயல. பரவால்ல. நான் போகணும்.